மாணவர்களின் முதல் கிளையன்ட் புராஜெக்ட்: எழுதும் முன் எண்ணச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விஸ்காம், இதழியல், தமிழ், ஆங்கிலம் படிக்கும் இறுதியாண்டு மாணவர்களை 3 மாதம் ஒரு வெளி நிறுவனத்துக்கு அனுப்பி, அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கு உள்ளடக்கத் திட்டம் போட்டுக் கொடுக்கச் சொல்லும் வழக்கம் கல்லூரிகளில் உண்டு. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ‘கன்டென்ட் ஸ்ட்ராட்டஜி’ என்று வருவது இந்த வேலைதான். வகுப்பறைப் பயிற்சியைவிடப் பல மடங்கு நல்லது, தொடர வேண்டியது. அது எங்கே சறுக்குகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டியிருப்பதால் கடிதம் நீள்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

3 மாதம் முடிந்தபின் பல புராஜெக்டுகளில் மிஞ்சுவது நிறுவனத்தின் மின்னஞ்சலில் ஒரு வேர்டு கோப்பு. அதில் 20 பக்கம் நல்ல வாசகங்கள் இருக்கும். தளத்தில் ஒன்றுகூட ஏறியிருக்காது. ஏற்றத் தெரிந்த ஆள் அங்கே இல்லை, அல்லது கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மாணவருக்கு மதிப்பெண் வந்துவிடுகிறது. நிறுவனத்தின் பழைய பக்கங்கள் பழையபடியே நிற்கின்றன. மாணவர்களுக்கு எழுத வராததால் இப்படி ஆவதில்லை. எதை ஒப்படைக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்படுவதே தவறாக இருக்கிறது. எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எது போக வேண்டும், இருக்கும் பக்கத்தை யார் எப்போது சரிபார்ப்பார் என்ற முடிவுகளைத்தான் ஒப்படைக்க வேண்டும். வாசகம் அந்த முடிவுகளுக்குப் பின்னால் வருவது.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டே பேசுகிறோம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் அறக்கட்டளை நடத்தும் சிறிய கண் மருத்துவமனை. இணையதளத்தில் 120 பக்கங்கள். 4 மாணவர்கள், 12 வாரங்கள்.

முதல் வாரத்தில் பேனாவைத் தொடக் கூடாது. நிர்வாகி “எங்க வெப்சைட்டுக்குக் கன்டென்ட் எழுதிக் குடுங்க” என்பார். அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்புக்கொண்டால் 8-ஆவது வாரத்தில் ஆண்டு மலர், நோட்டீஸ், இன்ஸ்டாகிராம் படங்கள் எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்துவிடும். ஒரே ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். எந்தத் தளம், எந்த மொழிகள், அதிகபட்சம் எத்தனை பக்கங்கள் புதிதாக எழுதப்படும், எத்தனை சுற்றுத் திருத்தம், இறுதி ஒப்புதல் தரும் ஒருவர் யார், அவர் எத்தனை வேலை நாளில் பதில் தருவார், தளத்தில் ஏற்றுவது யார், படங்களைத் தருவது யார். திருத்தம் 2 சுற்று, பதிலுக்கு 5 வேலை நாள் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு. ஒப்புதல் தருபவர் இருவர் என்றால் ஒருவருமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவ இயக்குநர் வெட்டியதை அறங்காவலர் திரும்பச் சேர்ப்பார், நடுவில் மாணவர் நிற்பார்.

அதே வாரத்தில் சாவிக்கொத்தையும் கேட்டு வாங்க வேண்டும். டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, அது எந்தத் தேதியில் காலாவதியாகிறது, ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் சர்வர் இடம்) எங்கே இருக்கிறது, தளத்தின் நிர்வாகக் கணக்கு யாரிடம் இருக்கிறது. சிறு நிறுவனங்களில் டொமைன், முன்னொரு காலத்தில் தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரின் பெயரிலேயே கிடப்பது சாதாரணம். அவர் இப்போது ஊரில் இல்லாமல் இருக்கலாம், போன் எண்ணை மாற்றியிருக்கலாம். இதை 11-ஆவது வாரத்தில் கண்டுபிடித்தால் புராஜெக்ட் அங்கேயே முடிந்தது. வேர்டுபிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளமென்றால் மாணவருக்கு ‘எடிட்டர்’ நிலைக் கணக்கு போதும். பக்கங்களைத் திருத்தி வெளியிட முடியும், ஆனால் தளத்தின் அமைப்பையும் பிளகின்கள் என்ற துணை நிரல்களையும் தொட முடியாது. நிர்வாகியின் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் வாங்கக் கூடாது. கணக்கு வந்தவுடன் ஏதாவது ஒரு பக்கத்தில் விடுபட்ட முற்றுப்புள்ளி ஒன்றைச் சேர்த்து, சேமித்து, வேறொரு போனில் தளத்தைத் திறந்து அது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த 5 நிமிடச் சோதனையைச் செய்யாமல் விட்டுத்தான் பலருடைய 3 மாத உழைப்பு வேர்டு கோப்பாகவே நின்றுபோகிறது.

பிறகு எண்ணிக்கை, அதாவது தளத்தில் இருக்கும் பக்கங்களை ஒன்றுவிடாமல் எண்ணிப் பட்டியலிடுவது. எங்கள் பார்வையில் இந்தப் புராஜெக்டின் முதுகெலும்பு இதுதான், மாணவர்கள் அதிகம் சலித்துக்கொள்வதும் இதற்குத்தான். ஸ்க்ரீமிங் ஃபிராக் போன்ற மென்பொருள் தளத்தின் பக்கங்களைத் தானே தேடிப் பட்டியலிட்டுத் தரும். அதன் இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை எடுக்கும், 120 பக்கத் தளத்துக்கு அது தாராளம். ஆனால் அந்தப் பட்டியலை முழுமையானது என்று நம்பிவிடக் கூடாது. எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் இல்லாமல் தனித்துக் கிடக்கும் பக்கத்தை அது காணாது. அத்தகைய பக்கங்களைத் தளத்தின் நிர்வாகப் பகுதியில் இருக்கும் பட்டியலோடும், கூகுள் தேடலில் தளம் எப்படித் தென்படுகிறது என்பதை உரிமையாளருக்குச் சொல்லும் கூகுள் சர்ச் கன்சோல் காட்டும் முகவரிகளோடும் ஒப்பிட்டுத்தான் பிடிக்க முடியும். 2 ஆண்டுக்கு முன் நடந்து முடிந்த இலவச முகாமின் அறிவிப்பு அப்படி ஒளிந்திருக்கும். தளத்துக்குள் இருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது, கூகுளில் தேடுபவருக்குத் தெரியும். அவர் பேருந்து பிடித்து வந்துவிடுவார்.

கூகுள் ஷீட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. வரிசை எண், முகவரி, தலைப்பு, மொழி, பக்கத்திலுள்ள தகவல் எந்தத் தேதிக்குரியது, யார் எதற்காக இதைத் தேடி வருவார், கடந்த 12 மாதத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள், தகவலுக்குப் பொறுப்பான ஊழியர் யார், முடிவு என்ன. இத்தனை நெடுவரிசைப் பத்திகள் போதும். முடிவு என்ற பத்தியில் நான்கே சொற்களுக்கு இடம் தர வேண்டும்: வைத்திரு, திருத்து, சேர் (இன்னொரு பக்கத்தோடு இணை), நீக்கு. ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஐந்தாவதாக ஒன்றை அனுமதித்தால் பாதிப் பக்கங்கள் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு பக்கத்தைப் படித்து வரியை நிரப்ப 10 நிமிடம் ஆகும் என்று வைத்தால் 120 பக்கத்துக்கு 20 மணி நேரம். நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 மணி நேரம். பிரிப்பதற்கு முன் நால்வரும் ஒரே 10 பக்கங்களைத் தனித்தனியாகப் படித்து முடிவு எழுதி, பிறகு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒருவர் ‘திருத்து’ என்றதை இன்னொருவர் ‘நீக்கு’ என்றிருப்பார். ஏன் என்று பேசித் தீர்த்துக்கொண்ட பிறகு பிரித்துக்கொண்டால்தான் மீதி 110 வரியும் ஒரே கண்ணால் பார்த்ததுபோல் இருக்கும். இதை விட்டுவிட்டால் நான்கு விதமான அளவுகோலில் ஒரு பட்டியல் வரும், நிர்வாகி கேட்கும் முதல் கேள்வியிலேயே அது கலைந்துவிடும்.

தகவலின் தேதி என்ற பத்தியில் தனிக் கவனம் வேண்டும். தளம் காட்டும் ‘கடைசியாகத் திருத்திய நாள்’ ஏமாற்றும். யாரோ ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தாலும் அந்த நாள் புதிதாகிவிடும், உள்ளே இருக்கும் தொகை பழையதாகவே இருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாய், பிறகு 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. மருத்துவமனைத் தளத்தில் பழைய தொகை நின்றிருந்தால், தகுதியுள்ள ஒரு குடும்பம் தங்களுக்குக் கிடையாது என்று நினைத்துத் திரும்பிப் போகும். நன்கொடைப் பக்கமும் அப்படித்தான். 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வருவது 2026 ஏப்ரல் 1 முதல். ஆகவே நன்கொடைக்கான வரிச்சலுகையைக் குறிக்கும் ‘80ஜி’ என்ற பழைய பிரிவு எண்ணைத் தாங்கிய ஒவ்வொரு வரியையும் நிறுவனத்தின் ஆடிட்டரிடம் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். நடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இத்தகைய பிழையை அது மறைக்காது.

தளத்துக்கு வெளியே இருப்பதையும் எண்ண வேண்டும். கூகுள் மேப்பில் மருத்துவமனையின் நேரமும் போன் எண்ணும், முகநூல் பக்கம், வாட்ஸ்அப்பில் சுற்றும் முகாம் நோட்டீஸ், ஓ.பி. சீட்டின் பின்புறம் அச்சான குறிப்புகள், வாசல் பலகை. ஞாயிறு விடுமுறையா இல்லையா என்பதற்கு இந்த ஐந்தும் ஐந்து பதில் சொன்னால், தளத்தில் மட்டும் சரிசெய்து பயனில்லை. அச்சடித்த நோட்டீஸ்களில் உள்ள க்யூ.ஆர். குறிகள் எந்தப் பக்கத்துக்குப் போகின்றன என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் அந்தப் பக்கத்தை நீக்கும்போது இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஒரு குறிப்பு. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வரை காட்டும், ஆனால் தளம் அதில் இணைக்கப்பட்டிருந்தால்தான். பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் விரிவாகத் தோண்டிப் பார்க்கும் பகுதிக்கான தரவு இயல்பாக 2 மாதமே தங்கும். அமைப்பில் அதை 14 மாதமாக மாற்றலாம். இரண்டையும் முதல் வாரத்திலேயே செய்தால் புராஜெக்ட் முடியும்போது ஒப்பிட ஏதாவது இருக்கும். எண்ணைவிடவும் சர்ச் கன்சோலில் பயனுள்ளது மக்கள் தட்டும் சொற்கள். தளம் ‘கண்புரை அறுவைச் சிகிச்சைக் கட்டணம்’ என்று எழுதியிருக்கும். தேடுபவர் ‘கண் ஆபரேஷன் செலவு’ என்று தேடுவார், அதையும் பலர் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள்.

அடுத்தது மனிதர்களிடம் கேட்பது. 5 அல்லது 6 பேர், ஆளுக்கு 45 நிமிடம், தனித்தனியாக. அறங்காவலர் அறையில் இருந்தால் வரவேற்பில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார். இந்தப் புராஜெக்டுக்கு அதிகம் சொல்லித் தரக்கூடியவரோ அந்த வரவேற்பாளர்தான். அவரிடம் “வெப்சைட்ல என்ன இருக்கணும்க்கா?” என்று கேட்டால், அவருக்கும் மற்றவர்களைப் போலவே ‘எங்களைப் பற்றி’, ‘படத்தொகுப்பு’ என்றுதான் தோன்றும். “நேத்து போன்ல என்னென்ன கேட்டாங்க?” என்று கேட்க வேண்டும். ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்து, 5 வேலை நாள் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு கிழிக்கச் சொல்லலாம். கோடு கிழிக்கக்கூட நேரம் இல்லாத கூட்டம் என்றால் மாணவர் ஒருவர் காலை 8 முதல் 11 வரை பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளலாம். நோயாளியின் பெயரும் நோயும் வேண்டாம், கேள்வி மட்டும் போதும்.

எந்த டாக்டர் எந்தக் கிழமை, சாப்பிட்டுவிட்டு வரலாமா, கூட எத்தனை பேர் வரலாம், சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டுமா, காப்பீட்டு அட்டை செல்லுமா, அன்றே வீட்டுக்குப் போகலாமா. தாளில் நிரம்புபவை இப்படித்தான் இருக்கும். அதிகம் வந்த 10 கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தளத்தில் பதில் இருக்கிறதா, இருந்தால் போனில் எத்தனை தட்டலில் கிடைக்கிறது என்று எழுத வேண்டும். 5-ஆவது வாரத்தில் நிர்வாகியோடு நடக்கும் கூட்டத்துக்கு இந்த ஒரு தாளைவிட வலுவான ஆவணம் வேறு இல்லை. ‘தலைவர் செய்தி’ பக்கம் முகப்பில் இருக்க வேண்டுமா என்ற வாதம், அந்தத் தாளை மேசைமேல் வைத்தால் மரியாதை குறையாமல் தீர்ந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் ஒரே வாக்கியத்தில் நோக்கத்தை எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். ‘தரமான சேவையை உலகறியச் செய்தல்’ போன்ற வாக்கியத்தால் ஒரு பக்கத்தைக்கூட நீக்க முடியாது. ‘முதல்முறை அறுவைக்கு வரும் பெரியவரின் மகனோ மகளோ, எந்த நாளில், என்னென்ன தாளோடு, எவ்வளவு பணத்தோடு வர வேண்டும் என்பதைப் போனிலேயே 2 நிமிடத்தில் தெரிந்துகொள்ள வேண்டும்’ என்று எழுதினால் முடிவு எடுக்க முடியும். 120 வரியையும் இந்த வாக்கியத்தோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் 40, 45 பக்கம்தான் மிஞ்சும். இவ்வளவு குறைகிறதே என்று நிர்வாகி தயங்குவார். நீக்கும் முன் முழுத் தளத்தையும் பேக்கப் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டால் தயக்கம் பாதியாகும். நீக்கிய, சேர்த்த பக்கங்களின் பழைய முகவரிகளைப் புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். 301 என்று சொல்லப்படும் ஏற்பாடு அது. இல்லாவிட்டால் நோட்டீஸில் உள்ள க்யூ.ஆர். குறியை ஸ்கேன் செய்தவர் ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பைத்தான் பார்ப்பார்.

எழுதத் தொடங்குவது 6-ஆவது வாரத்தில். இங்கே நடக்கும் பெரிய தவறு, ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் தமிழாக்குவது. கேள்விகள் தமிழில் வந்தன, பதில் சொல்லும் ஊழியரும் தமிழில் சொல்கிறார், படிக்கப்போகிறவரும் தமிழர். நடுவில் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பும் வாக்கியம் ‘நோயாளிகள் தங்கள் வருகையை உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று விறைத்து நிற்கும். ‘வருவதற்கு முந்தின நாள் போன் செய்து உறுதி செய்யுங்கள்’ என்று வரவேற்பாளர் சொன்னதையே எழுதினால் வேலை முடிந்தது. தமிழில் முதலில் எழுதி, தேவையான பக்கங்களுக்கு மட்டும் ஆங்கிலம் செய்ய வேண்டும்.

30, 40 சொற்களுக்கு ஒரு சொற்பட்டியலும் வேண்டும். முன்பதிவா அப்பாயின்ட்மென்டா, அறுவைச் சிகிச்சையா ஆபரேஷனா, சொட்டு மருந்தா டிராப்ஸா என்று ஒருமுறை முடிவு செய்து எல்லாப் பக்கத்திலும் அதையே வைக்க வேண்டும். மக்கள் வழக்கைத் தேர்வதுதான் நல்லது, ஆனால் மருத்துவரைக் கேட்காமல் தேரக் கூடாது. ‘கண்ணில் பூ விழுந்திருக்கு’ என்று கண்புரையைச் சொல்பவர்கள் உண்டு, கருவிழியில் விழுந்த வெள்ளைத் தழும்பையும் அப்படியே சொல்வார்கள். இரண்டும் வேறு நோய், வேறு சிகிச்சை. தலைப்பில் அந்தச் சொல்லை வைத்தால் தவறான ஆள் தவறான பக்கத்தைப் படிப்பார்.

மருத்துவத் தகவல் எதையும் மாணவர் தானாக எழுதக் கூடாது. பழைய பக்கத்தில் ‘சொட்டு மருந்திலேயே கண்புரை கரையும்’ போன்ற வரி இருந்தால் சத்தமில்லாமல் மெருகேற்றாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஏமாற்று மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-இல் வந்த சட்டத்தின் நோய்ப் பட்டியலில் கண்புரையும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியில் எழுதச் சொல்பவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. அது கேட்காமலே ‘24 மணி நேரமும்’, ‘அனைத்துக் காப்பீடுகளும் ஏற்கப்படும்’ என்று சேர்த்துவிடும், படிக்க இயல்பாகவும் இருக்கும். நேரம், தொகை, பெயர், அளவு ஆகிய நான்கும் ஊழியரின் வாயிலிருந்தோ அலுவலகத் தாளிலிருந்தோ வந்திருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதை ஷீட்டில் எழுதி வைக்க வேண்டும். நோயாளிகளின் படத்தைப் போடுவதென்றால் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் கூடாது.

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, எந்த ஆங்கிலப் பாடத்திட்டமும் அதைச் சொல்லித் தராது. நிறுவனம் தரும் பழைய கோப்புகள் பெரும்பாலும் டி.டி.பி. சென்டரில் பேஜ்மேக்கரில் அடித்தவை. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகளே, அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறார்கள். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் வரும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றும்போது நடுவில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்கள், மின்னஞ்சல் முகவரி, மருந்தின் பெயர் எல்லாம் தமிழ் எழுத்துகளாகச் சிதையும். எனவே தமிழ்ப் பகுதியை மட்டும் பிரித்து மாற்ற வேண்டும். மாற்றியபின் எண்களையும் அடைப்புக்குறிகளையும் மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் வரும். ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக அடித்தும் உண்டாக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் சில தளங்களின் தேடல் பெட்டிக்கு வேறுவேறு. ‘கொடை’ என்று தேடினால் சில பக்கங்கள் மட்டும் வராமல் போனால் காரணம் இதுவாக இருக்கலாம். எல்லா வாசகத்தையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கம் செய்துவிட்டு ஏற்றினால் போதும். இன்னொன்று, ஷீட்டை சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இறக்கி எக்செலில் இருமுறை தட்டித் திறந்தால் தமிழ் உடைந்து தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். எக்செலுக்குள் இருந்து தரவு இறக்குமதி வழியாக, யூனிகோடு வகையான யு.டி.எஃப்-8 என்று தேர்ந்து திறக்க வேண்டும். உடைந்த நிலையிலேயே சேமித்துவிடுவதுதான் ஆபத்து.

பக்க முகவரியைத் தமிழில் வைக்க ஆசை வரும். ‘கண்புரை’ என்ற சொல்லில் 7 குறியீடுகள். லிங்கை நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொன்றும் 9 எழுத்துகளாக விரிந்து 63 எழுத்துகள் ஆகிவிடலாம். வாட்ஸ்அப்பில் அது குப்பைபோலத் தெரிவதால் ஏமாற்று லிங்க் என்று மக்கள் தொட மாட்டார்கள். முகவரி சிறிய ஆங்கில எழுத்திலும் தலைப்பு தமிழிலும் இருக்கட்டும். எஸ்.எம்.எஸ். நினைவூட்டல் எழுதுவதானால், ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் உள்ள ஒரு செய்தியில் தமிழுக்கு 70தான். மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும்.

எழுதியதைப் பார்வைக்கு அனுப்பும்போது “எப்படி இருக்கு சார்?” என்று கேட்டால் ஆளுக்கொரு நடையில் திருத்தம் வரும். கணக்காளரிடம் “இந்தத் தொகை சரியா?”, மருத்துவரிடம் “இந்த 3 வரியில் மருத்துவப் பிழை உண்டா?”, வரவேற்பாளரிடம் “இந்த நேரம் சரியா?” என்று பிரித்துக் கேட்க வேண்டும். எல்லாரும் ஒரே கூகுள் டாக்கில், மூல வாசகம் மாறாமல் திருத்தம் பரிந்துரையாக மட்டும் பதியும் நிலையில் எழுதட்டும். வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக வந்த ஒப்புதலை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்வியாண்டின் பிற்பாதியில் வரும் இரட்டைப்படைப் பருவத்தில் (செமஸ்டரில்) நடக்கும் புராஜெக்டுகளில் இன்னொரு கணக்கும் போட வேண்டும். மார்ச் மாதம் அறக்கட்டளைகளில் கணக்கு முடிக்கும் காலம், யாரும் தாளைப் பார்க்க மாட்டார்கள். ஒப்புதல்கள் பிப்ரவரிக்குள் விழும்படி நாட்களை அமைத்துக்கொள்வது நல்லது.

சோதனைக்கு 5 பேர் போதும், ஆனால் வகுப்புத் தோழர்கள் கூடாது. மருத்துவமனையின் அனுமதியோடு காத்திருப்பு வரிசையில் இருப்பவர்களிடம், அவர்களுடைய போனிலேயே, ஆளுக்கு 15 நிமிடம். “உங்க அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். என்னென்ன எடுத்துட்டு வரணும்னு இதுல பாத்துச் சொல்றீங்களா?” என்று கேட்டுவிட்டு வாய்மூடிப் பார்க்க வேண்டும். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே வாசகத்தையோ பொத்தானையோ மாற்ற வேண்டும். உதவி செய்ய மனம் துடிக்கும். செய்துவிட்டால் சோதனை வீணாகும்.

சமூக ஊடக நாட்காட்டியைப் பற்றி ஒன்றே ஒன்று. நிறுவனத்தில் இந்த வேலைக்கு வாரம் 2 மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால், வாரம் 5 பதிவு என்று போட்டுக் கொடுக்கும் நாட்காட்டி நடக்காது. மாணவர்கள் இருக்கும்வரை ஓடும், அவர்கள் போன வாரமே நின்றுவிடும். மாதம் 2 போதும்.

கடைசி இரண்டு வாரமும் ஒப்படைப்புக்கே. மிஞ்சிய ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பாளரும் அடுத்த சரிபார்ப்புத் தேதியும் ஷீட்டில் இருக்க வேண்டும். மருத்துவர் நேரம் மாதம் ஒருமுறை, கட்டணமும் காப்பீடும் 3 மாதத்துக்கு ஒருமுறை, நிறுவன வரலாறு 2 ஆண்டுக்கு ஒருமுறை. முகாம் அறிவிப்பை ஏற்றும்போதே அது இறங்க வேண்டிய தேதியையும் குறிக்க வேண்டும். 45 பக்கத்தைச் சராசரியாக ஆண்டுக்கு 2 முறை, தடவைக்கு 15 நிமிடம் பார்த்தால் ஆண்டுக்கு 22 மணி 30 நிமிடம் ஆகும். இந்தக் கணக்கை நிர்வாகியிடம் காட்டி, அந்த நேரத்தை ஓர் ஊழியரின் வேலையாக எழுத்தில் ஒதுக்கச் சொல்ல வேண்டும். அந்த ஊழியரை உட்காரவைத்து, மாணவர் கை வைக்காமல், அவரே ஒரு பக்கத்தைத் திருத்தி வெளியிடும்வரை கூட இருக்க வேண்டும். அவர் செய்த படிகளை அவருடைய திரையின் ஸ்கிரீன்ஷாட்களோடு 2 பக்கக் குறிப்பாக அச்சிட்டு மேசையில் வைக்க வேண்டும். மாணவர்களுக்குத் தந்த கணக்குகளை அன்றே நீக்கச் சொல்லவும் வேண்டும்.

கல்லூரிகளிடம் எங்கள் வேண்டுகோள் மதிப்பெண் பங்கீட்டைப் பற்றியது. அச்சிட்டுக் கட்டிய அறிக்கைக்கும் எழுதிய பக்கங்களின் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் போகும்வரை மாணவர்கள் பக்கங்களைத்தான் பெருக்குவார்கள். 100 மதிப்பெண்ணில் இருக்கும் பக்கங்களை எண்ணிப் பட்டியலிட்டதற்கும் நீக்கம் உள்ளிட்ட முடிவுகளுக்கும் 30, வரவேற்பில் வந்த கேள்விகளைக் குறித்த தாளுக்கும் நேர்காணலுக்கும் 20, உண்மையில் தளத்தில் ஏறிய பக்கங்களுக்கு 20, ஒப்படைப்புக்கு 30 என்று வைத்துப் பார்க்கலாம். நீக்கிய பக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று முதல் நாளே அறிவித்துவிட வேண்டும். பருவம் முடிந்தபின் தளம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது யார் என்ற கேள்வி வரும். அதை அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு முதல் பயிற்சியாகக் கொடுக்கலாம். முந்தைய அணி ஒப்படைத்த ஷீட்டை எடுத்து, சரிபார்ப்புத் தேதி கடந்த பக்கங்களைத் திறந்து, நேரமும் தொகையும் சரியா என்று அந்த வரவேற்பாளரிடமே போனில் கேட்டுக் குறிக்கட்டும். அரை நாள் வேலைதான். அதில் எத்தனை வரி தவறாக இருந்தது என்ற எண்ணை, தேர்வு அட்டவணை ஒட்டும் அதே அறிவிப்புப் பலகையில் துறைத்தலைவர்கள் ஒட்ட வேண்டும்.

அன்புடன்,
இணைய உள்ளடக்கப் பணியிலும் மாணவர் புராஜெக்டுகளுக்கு வழிகாட்டுவதிலும் ஈடுபட்டுள்ள சிலர்,
மதுரை.